மடியில் சுளகு வைத்திருக்கும் பெண்ணையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்களும் வேலைவாய்ப்பும் பற்றிச் சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் 2017-18ஆம் ஆண்டில் நூற்றுக்கு 23.3 பேராக இருந்தார்கள் என்றும், 2023-24இல் அது 41.7 ஆக உயர்ந்துவிட்டது என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு சொல்லும் எண்கள்தாம் அவை, தவறில்லை. ஆனால் அதற்கு அடுத்த வரியில், இத்தனை காலம் வீட்டில் சும்மா இருந்த பெண்கள் இப்போதுதான் வேலை உலகத்துக்குள் வரத் தொடங்கியிருக்கிறார்கள் என்று மகிழ்ச்சியோடு எழுதிவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். சற்று நீளமாக இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் ஆலங்குளம் பகுதியைச் சேர்ந்தவள். அப்போது நெல்லை மாவட்டம், இப்போது தென்காசி மாவட்டம். அரசுப் பள்ளிகளில் 36 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து 2023இல் ஓய்வு பெற்றேன். என் எதிர்வீட்டில் இருக்கிற அக்காள் தன் பன்னிரண்டாவது வயதில் பீடி சுற்றத் தொடங்கினார். இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். 2017இலும் அதே வாசல்படியில் உட்கார்ந்து சுற்றினார், 2023இலும் சுற்றினார், நான் இதை எழுதுகிற இந்தக் காலையிலும் சுற்றிக்கொண்டிருக்கிறார். கணக்கெடுப்பு இரண்டிலும் அவர் வீட்டுக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள். அந்தக் கணக்கெடுப்பு, மாதிரிக்காகச் சில வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து நடத்துவது. வந்திருந்தால் முதல் முறை ஒரு பதிலும் இரண்டாம் முறை வேறு பதிலும் எழுதியிருக்கக்கூடும். அவர் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் மாறியிருக்காது. நாட்டில் எத்தனை பெண்கள் புதிதாக வேலைக்கு வந்தார்கள், எத்தனை பேர் முன்பே வேலையில் இருந்து இப்போதுதான் கண்ணில் பட்டார்கள் என்பதைப் பிரித்துப் பார்க்காமல் அந்த உயர்வைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெருமையாகச் சொல்லக்கூடிய தகுதி அன்று.

1991 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு என்னைக் கணக்கெடுப்பாளராகப் போட்டார்கள். எனக்கு 28 வயது. பணியில் சேர்ந்து நான்காவது ஆண்டு. எனக்கு ஒதுக்கிய பகுதிக்குள் நான் பிறந்து வளர்ந்த தெருவும் இருந்தது. பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்: சென்ற ஓர் ஆண்டில் எப்போதாவது வேலை செய்தாரா என்று கேட்கும்போது, வயலிலோ குடும்பத் தொழிலிலோ சம்பளம் இல்லாமல் செய்த வேலையையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று. படிவத்திலேயே அந்தச் சொற்கள் அந்த முறை புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தன. 1981 கணக்கெடுப்பில் பெண்களின் வேலை ஏராளமாக விடுபட்டுப்போனது என்பதால் வந்த மாற்றம் அது. நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அடிக்கோடும் போட்டேன்.

எங்கள் வீட்டுக்கு மாலை நாலரை மணிக்குப் போனேன். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் பலசரக்குக் கடை ஒன்றில் வேலை பார்த்தவர். இளைப்பு நோய் முற்றியதால் அதற்கு முந்திய ஆண்டில் நான்கு மாதம்தான் கடைக்குப் போயிருந்தார். அம்மா நடையில் சுவரோடு சாய்ந்து, மடியில் சுளகை, அதாவது முறத்தை, வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நான் படிவத்தை விரித்து அப்பாவிடம் கேட்டேன். வேலை என்ன என்றதும், "பலசரக்குக் கடை" என்றார். அம்மாவுக்கு என்ன எழுதட்டும் என்றதும், "அவள் வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்றார். அம்மா தலை நிமிராமல், "ஆமாம், வீடு என்றே போட்டுக்கொள்" என்றார். அப்படிச் சொன்ன நேரத்திலும் அவர் கை நிற்கவில்லை. விரல் நுனியால் ஒரு பீடியின் வாயை மடக்கிக்கொண்டிருந்தார்.

நான் அப்பாவை ஆண்டின் பெரும்பகுதி உழைத்த முதன்மைத் தொழிலாளி என்று எழுதினேன். 183 நாளாவது வேலை செய்தவரைத்தான் அப்படி எழுத வேண்டும். அவர் 120 நாள்தான் போயிருந்தார். அம்மாவுக்கு நேரே வேலை செய்யாதவர், வீட்டுக் கடமைகள் என்று எழுதினேன். அந்த ஆண்டில் அம்மா பீடி சுற்றாத நாள்களை என் பத்து விரல்களிலும் இன்னும் நாலைந்து விரல்களிலும் எண்ணிவிடலாம். மை காயும் முன்பே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரே வீட்டில் இரண்டு பொய் எழுதினோம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவும் இல்லை.

எல்லாக் கணக்கெடுப்பாளர்களும் என்னைப் போலச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் மாவட்டத்தில் வீட்டுத் தொழில் என்ற கட்டத்தில் பெண்கள் பெருந்தொகையாகப் பதிவாகியிருப்பதற்கு பீடிதான் காரணம். படிவத்தைச் சரியாகக் கேட்ட ஆசிரியர்கள் இருந்தார்கள். நான் கேட்கவில்லை.

பீடி சுற்றுவதை அறியாத வாசகர்களுக்காக அந்த "சும்மா இருப்பது" எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். கடையில் இலை, தூள், நூல் மூன்றையும் நிறுத்துத் தருவார்கள். இலை மத்தியப் பிரதேசம், ஒடிசா போன்ற இடங்களின் காடுகளிலிருந்து கட்டுக்கட்டாக வருவது. முதல் நாள் இரவே அதை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். விடியற்காலை பதமான இலைகளைப் பிரித்து, தகட்டு அளவை வைத்துக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். நரம்பு தடித்த இலை, ஓட்டை இலை, காய்ந்து நொறுங்கும் இலை எல்லாம் கழியும். கழிந்ததற்குக் கடையில் வேறு இலை தர மாட்டார்கள். கணக்குக்கு இத்தனை பீடி வந்தே ஆக வேண்டும் என்பதால் அம்மா தன் காசைக் கொடுத்து வெளியே இலை வாங்குவார். பிறகு சுற்றுவது, மடக்குவது, நூல் கட்டுவது. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. நல்ல உடம்போடு இருந்த நாளில் அம்மா 32 கட்டு, அதாவது 800 பீடி போடுவார். ஆயிரம் போடுகிறவர்கள் விளக்கு வைத்த பிறகும் உட்கார்ந்திருப்பார்கள். இடையில் சோறு வடிப்பது, தண்ணீர் பிடிப்பது, அப்பாவுக்கு வெந்நீர் வைப்பது எல்லாம் நடக்கும். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் கணக்குப்பிள்ளை கட்டைப் பிரித்து விரலால் தள்ளிப் பார்த்துச் சிலவற்றைக் கழிவு என்று ஒதுக்குவார். கழிவுக்குக் கூலி இல்லை. அந்தப் பீடி திரும்பவும் வராது. அது எங்கே போகிறது என்று ஒரு முறை அம்மா கேட்டதற்கு, அடுத்த வாரம் அவருக்குத் தூள் குறைவாக நிறுத்தார்கள்.

இவ்வளவையும் செய்கிற பெண்ணைப் பார்த்து எப்படி "சும்மா" என்ற சொல் வாயில் வருகிறது? பிற்பாடு அஞ்சல் வழியில் சமூகவியல் முதுகலை படித்தபோது இதைப் பற்றி நிறைய யோசித்தேன். பாடநூலில் முறைசாரா வேலை, கூலியில்லா உழைப்பு, பாலினப் பாகுபாடு என்று பெயர்கள் இருந்தன. எனக்கு முதலில் பிடிபட்டது நம் பேச்சில் இருக்கிற ஒரு வழக்கம். நாம் ஒருவர் "வேலைக்குப் போகிறார்" என்று சொல்கிறோம். போனால்தான் அது வேலை. படியிறங்கி, செருப்பு மாட்டி, ஓரிடத்துக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். படியிறங்காதவள் செய்வதற்கு அந்த வினைச்சொல் ஒட்டுவதில்லை. அதனால் எங்கள் ஊரில் பெண்ணைப் பற்றிக் கேட்டால் "வேலைக்குப் போகவில்லை, பீடி சுற்றுகிறாள்" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். உத்தியோகம் புருஷ லட்சணம் என்று வேறு சொல்லி வைத்திருக்கிறோம். ஆனால் பெண் பார்க்கப் போகும்போது பீடி சுற்றத் தெரியுமா, ஒரு நாளைக்கு எத்தனை போடுவாள், பீடித் தொழிலாளி என்று காட்டும் அட்டை அவள் பெயரில் இருக்கிறதா என்று கேட்காத மாமியாரை நான் அந்தக் காலத்தில் பார்த்ததில்லை. கல்யாணச் சந்தையில் விலையுள்ள தொழில் அரசுப் படிவத்தில் ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது.

அரசும் இதே பழக்கத்தில்தான் இருந்தது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் 92, 93 என்று இரண்டு குறியீடுகள் உண்டு. வீட்டுக் கடமைகளை மட்டும் செய்பவர் 92. வீட்டுக் கடமைகளோடு விறகு பொறுக்குவது, வீட்டுத் தேவைக்குத் தைப்பது, நெய்வது என்று செய்பவர் 93. இரண்டும் தொழிலாளர் என்ற எல்லைக்கு வெளியே. கூலிக்குப் பீடி சுற்றுகிறவர் விதிப்படி இதில் வரவே கூடாது. ஆனால் கேள்வி கேட்கிறவர் திண்ணையில் உட்கார்ந்து ஆணிடம் கேட்டு எழுதினால் எது நடக்கும் என்பதற்கு நானே சாட்சி.

பீடி வீட்டுக்குள் வந்தது தானாக நடந்த ஒன்று அன்று. முன்பு ஆண்கள் கூடங்களில் வரிசையாக உட்கார்ந்து சுற்றினார்கள். 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கான சட்டம் வந்து, வேலை நேரம், விடுமுறை, இடவசதி என்று முதலாளிகளின் மேல் பொறுப்பு ஏற்றப்பட்டது. கேரளத்தின் கண்ணூர்ப் பகுதியில் பெரிய நிறுவனம் ஒன்று 1968இல் கூடங்களையே மூடியது. ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். அவர்களை வைத்துத்தான் 1969இல் தினேஷ் பீடிக் கூட்டுறவு தொடங்கியது. அந்தப் பகுதியின் பீடிக் கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். அவர் போட வேண்டிய பீடியை மற்றவர்கள் பகிர்ந்து போட்டுக் கொடுப்பார்கள். செய்தித்தாள் நடத்துகிற தங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கம் அப்படி ஒரு கூட்டுறவு எழவில்லை. வேலை குத்தகைக்காரர்கள் வழியாகப் பெண்களின் வாசல்படிக்கு வந்து சேர்ந்தது. கூடத்தில் முந்நூறு பேர் சேர்ந்து இருந்தால் கழிவு அதிகம் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கை நிறுத்துவார்கள். முந்நூறு வாசல்படியில் முந்நூறு பேர் தனித்தனியே இருந்தால் கணக்குப்பிள்ளை சொன்னதுதான் கணக்கு. வாடகை இல்லை, விளக்குச் செலவு இல்லை, மேற்பார்வை இல்லை. எல்லாம் அந்தப் பெண்ணின் வீட்டுச் செலவில். வீட்டில் இருந்து சுற்றுபவரும் தொழிலாளிதான், சட்டம் அவருக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1974இல் சொல்லிவிட்டது. தாமாகவே தொழில் செய்பவர்களுக்கு அந்தச் சட்டம் இல்லை என்று ஒரு சந்து இருந்ததால், இலையையும் தூளையும் உனக்கு விற்றோம், பீடியை உன்னிடமிருந்து வாங்கினோம் என்று எழுதிக்கொள்ளும் தந்திரம் வந்தது. காலையில் அவள் வியாபாரி. மாலையில் கழிவு பார்க்கும்போது மட்டும் கூலிக்காரி.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அம்மா கல்யாணமாகி வந்தபோது கடைக் கணக்கு ஆச்சியின் பெயரில் இருந்தது. பிறகு வந்த அட்டையும் ஆச்சியின் பெயரிலேயே போடப்பட்டது. ஆச்சிக்குப் பார்வை மங்கி அவர் இலையைத் தொடுவதே நின்றுபோன பிறகும், அம்மாவும் இரண்டு அத்தைகளும் சுற்றியதெல்லாம் அந்த ஒரே அட்டையில் ஏறியது. மூன்று பேரின் கை, ஒருவரின் பெயர். நான் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்தபோது பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். தாய் அல்லது தந்தையின் பெயரில் அட்டை வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். எதிர்வீட்டு அக்காளின் தங்கைக்குக் கிடைத்தது. 1983இல் ஆச்சி இறந்தார். சேமநலநிதியில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் நியமனதாரரான மகனுக்கு, அதாவது என் அப்பாவுக்கு வந்தது. அதில் கூரையைப் பிரித்து ஓடு போட்டோம். அம்மா மண் குழைத்துக் கொடுத்தார். அந்தப் பணம் யார் விரலில் இருந்து வந்தது என்று அன்று வீட்டில் ஒருவரும் பேசவில்லை. அம்மா உட்பட.

அதற்குப் பிறகு அம்மாவுக்குத் தன் பெயரில் அட்டை கிடைக்கவே இல்லை. கடையில், புதிய அட்டை போடுவதில்லை, வேண்டுமானால் இன்னொருவர் அட்டையில் கொண்டுவா என்றார்கள். இன்னொருவர் அட்டையில் கொண்டுபோனால் அவருக்கு ஒரு பங்கு. அம்மா 2009இல் இறக்கும்வரை பெயரில்லாமலே சுற்றினார். எதிர்வீட்டு அக்காளுக்கு அட்டை இருந்ததால் இப்போது மாதம் ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே ஓய்வூதியம் வருகிறது. இரண்டு பேரின் வேலையில் எந்த வேறுபாடும் இல்லை. ஒரு தாள்தான் வேறுபாடு.

வறுமையை நாம் வீட்டுக் கணக்கில் அளக்கிறோம். டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011-12இல் கிராமத்தில் ஓர் ஆளுக்கு மாதம் 816 ரூபாய்க்கு மேல் செலவு செய்யும் குடும்பம் வறுமைக் கோட்டுக்கு மேலே. குடும்பத்தின் மொத்தச் செலவைத் தலைக்கு வகுத்துச் சொல்லும் எண் அது. வகுத்தல் கணக்கில் எல்லாத் தலைக்கும் ஒரே பங்கு விழும். எங்கள் வீட்டில் அப்படி விழவில்லை. அப்பாவுக்கு முதலில், பிறகு பிள்ளைகளுக்கு, கடைசியில் பானையில் இருப்பது அம்மாவுக்கு. மீன் வாங்கிய நாளில் அம்மாவுக்கு மீன் பிடிக்காது என்று நான் பள்ளிக்கூட வயது முடியும்வரை நம்பினேன். என் முதல் சம்பளத்தில் தனியாக வாங்கிக்கொடுத்தபோது முள்ளைக்கூட விடாமல் சாப்பிட்டார்.

இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் 1899இல் உழைக்கும் குடும்பங்களை வீடுவீடாகக் கணக்கெடுத்த சீபோம் ரவுண்ட்ரி, கூலித் தொழிலாளியின் வாழ்வில் வறுமையின் மூன்று பள்ளங்கள் உண்டு என்று கண்டார். சிறுபிள்ளையாக இருக்கும்போது, தன் பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போது, உடல் தளர்ந்த முதுமையில். படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மூன்று பள்ளத்திலும் அம்மா சுற்றிய பீடிதான் இருந்தது. இடையில் வர வேண்டிய மேடு அவருக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. இருமல் மட்டும் நாற்பது வயதில் வந்து தங்கிவிட்டது. தூள் பறக்கும் அறையில்தான் தூங்கவும் செய்தோம். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசு நடத்தும் மருத்துவமனை இருக்கிறது. அங்கும் முதலில் கேட்பது அட்டையைத்தான்.

நான் ஆசிரியையாக இருந்த காலத்தில் விரல் நுனி பழுப்பாக இருக்கும் சிறுமிகளை வகுப்பில் உடனே அடையாளம் கண்டுகொள்வேன். மதியச் சத்துணவுக்குப் பிறகு முதல் பாடவேளையில் தூங்கி விழுவார்கள். நான் எழுப்பியதில்லை. விடியற்காலை இலை வெட்டிவிட்டு வந்திருக்கிறார்கள் என்று தெரியும், நானும் வெட்டியவள். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி சுற்றுவதில் குழந்தைகளை ஈடுபடுத்துவதைத் தடை செய்தது. ஆனால் வீட்டில் குடும்பத்தோடு சேர்ந்து செய்தால் அந்தத் தடை இல்லை என்று அதே பிரிவில் விலக்கும் கொடுத்தது. பீடியோ முழுக்க வீட்டில்தான் நடக்கிறது. தாய் செய்வது வேலை இல்லை என்றால் மகள் செய்வது உதவி என்று ஆகிவிடும். எட்டாம் வகுப்போடு நின்றுபோன பெண்களின் வீட்டுக்குப் போய் நான் வாதாடியபோதெல்லாம் எனக்குக் கிடைத்த பதில், "வேலைக்கா அனுப்புகிறோம் டீச்சர்? வீட்டில்தானே இருக்கிறாள்" என்பதே.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் என் கணக்கு மீண்டும் பொய்யாகிவிடும். 1991இல் என் பகுதியின் கடைசியில் ஒரு தெரு இருந்தது. கணக்கெடுப்புக்குப் போன முதல் நாளே மேலத்தெருப் பெரியவர் ஒருவர், "அந்தத் தெருவைக் கடைசி நாளில் முடித்துக்கொள்ளுங்கள், அங்கே தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டாம்" என்று அறிவுரை சொன்னார். நான் கடைசி நாளில்தான் போனேன். அங்கே பெண்கள் பீடியும் சுற்றினார்கள், வயலுக்கும் போனார்கள். ஒரு பெண் மேலத்தெரு வீடுகளில் சாணம் அள்ளி வாசல் பெருக்கினார். கூலியாகப் பழைய சோறும் ஆண்டுக்கு ஒரு சேலையும். அதை என்ன வேலை என்று எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமன்று, வேலை செய்பவர்களையே பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். என் அம்மாவுக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததும் அதுவே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அம்மாவின் வேலையைத்தான் நாங்கள் மறைத்தோம். அந்தப் பெண்ணின் வீட்டுத் தண்ணீரையே வேண்டாம் என்றோம். அவர் நீட்டிய செம்பை நான் வாங்கவில்லை.

2001இல் எனக்கு வேறு வார்டு கிடைத்தது. அப்போது படித்து முடித்திருந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் பெண்ணைக் கூப்பிட்டு நேராகக் கேட்டேன். வேலை செய்கிறீர்களா என்று கேட்டால் இல்லை என்றே சொன்னார்கள். அதனால் கேள்வியை மாற்றினேன். காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள், பிறகு என்ன, சாயங்காலம் கடைக்கு எதைக் கொண்டுபோவீர்கள், சனிக்கிழமை கையில் என்ன வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பதில் தானாக வந்தது. ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் ஆனது. மேற்பார்வையாளர் ஏன் இவ்வளவு தாமதம் என்று கடிந்துகொண்டார். ஒரு வீட்டில் கணவர் குறுக்கிட்டு, "அதையெல்லாம் எதற்கு எழுதுகிறீர்கள், ரேஷன் அட்டைக்கு ஏதாவது வந்துவிடப் போகிறது" என்று பயந்தார். அவர் பயத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். வருமானம் தெரிந்தால் சலுகை போய்விடும் என்ற அச்சம் ஏழை வீடுகளில் எப்போதும் உண்டு. இந்தக் கணக்கில் தனி ஆளின் விவரம் வெளியே போகாது என்று சொல்லிப் புரியவைக்க அந்த வீட்டில் மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது.

பீடி நல்ல பொருள் என்று நான் வாதாட வரவில்லை. அதைப் புகைத்தவர்களுக்கு என்ன ஆனது என்பதும் எங்கள் தெருவுக்குத் தெரியும். பீடி குறைந்துகொண்டே வருகிறது, குறையவும் வேண்டும். ஆனால் தொழில் மறையும்போது மாற்று வேலைக்கும் உதவிக்கும் யார் யார் உரியவர்கள் என்று ஒரு பட்டியல் எடுப்பார்களே, அதில் பெயர் இருக்க வேண்டாமா? பீடியின் மீது நலநிதிக்கென்று வசூலித்த தனி வரி 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபோது எடுக்கப்பட்டுவிட்டது. 1966ஆம் ஆண்டுச் சட்டமும் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. பெயர் பதியாதவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

கூலி வருகிற பீடிக்கே இந்த நிலை என்றால், கூலியே வராத வேலையைப் பற்றி என்ன சொல்வது. 2024இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதில் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம் என்று தெரியவந்தது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம். தங்கள் கட்டுரையாளர் "சும்மா" என்று எழுதியது இதையும் சேர்த்துத்தான். அவர் பொல்லாங்காக எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. என் அப்பாவும் பொல்லாதவர் இல்லை.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில் நடக்க இருக்கிறது. மார்ச் முதல் தேதி அதன் அடிப்படை நாள். 2011க்குப் பிறகு பதினாறு ஆண்டு கழித்து நடப்பது. சாதியும் கேட்கப் போகிறார்கள். இந்த முறை காகிதம் இல்லை, கைபேசிச் செயலி. குடும்பமே தன் விவரத்தைத் தானே பதியும் வசதியும் உண்டு என்கிறார்கள். எனக்கு அதில்தான் கவலை. முன்பு என்னைப் போன்ற ஒருத்தியாவது வாசலில் நின்று சுளகைப் பார்க்க வாய்ப்பு இருந்தது. இப்போது கைபேசி யார் கையில் இருக்குமோ அவரே எல்லோருக்கும் பதில் எழுதிவிடுவார். எங்கள் தெருவில் அது பெரும்பாலும் மகனின் கையில் இருக்கிறது.

ஆகையால் தங்களிடம் ஒரு வேண்டுகோள். கணக்கெடுப்பு தொடங்குவதற்கு முந்திய வாரங்களில் தங்கள் நெல்லைப் பதிப்பிலாவது, வேலை பற்றிய கேள்வியை எளிய தமிழில் கட்டம் கட்டி வெளியிடுங்கள். பீடி சுற்றுவது, தீப்பெட்டி ஒட்டுவது, பாய் முடைவது, வீட்டில் இருந்தபடி துணி தைத்துக் கொடுப்பது, ஆடு மாடு வளர்த்துப் பால் விற்பது, வீட்டுக் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பது எல்லாம் வேலைதான் என்று பெயர் சொல்லிப் போடுங்கள். பெயர் சொன்னால்தான் எங்கள் பெண்கள் ஆமாம் என்பார்கள். கணக்கெடுப்புக்குப் போகிற இளம் ஆசிரியர்கள் தங்கள் தாளைப் படிப்பார்கள். அவர்களுக்கும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்: வீட்டில் பெண் இருந்தால் அவரிடமே கேளுங்கள்.

நேற்று மாலை இதன் முதல் பகுதியை எதிர்வீட்டு அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். சின்ன வயதில் அவர்கள் எல்லாரும் நடையில் உட்கார்ந்து சுற்றும்போது நான் வார இதழ்த் தொடர்கதை படிப்பேன், என் பங்குக்கு அம்மா பத்துப் பீடி கூடப் போடுவார். அதே போல அவர் கேட்டுக்கொண்டே சுற்றினார். நான் நிறுத்தியதும், "எனக்கு வயதாகிவிட்டது, இனிமேல் எழுதி என்ன?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் கட்டத்தில் 12 வயதிலிருந்து என்று எழுத இடம் இருக்குமா என்று கேட்டார். அதற்கு இடம் இல்லை அக்கா என்று சொன்னேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ஆலங்குளம் வட்டம், தென்காசி மாவட்டம்.